ஜன்னல் வைக்காத அறையில் பொங்கிய பால்

அந்தக் காலத்தில் கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் என்று ஒன்று கிடையாது. கல்லூரிகள்தான், அவையும் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சார் ரப்பர் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு மேட்டில் இருந்த கல்லூரியில், மாணவர்கள் ஒன்றுகூடுவதற்கென்று புதிதாக ஒரு கூடம் கட்டினார்கள். பேப்பர் படிக்க ஓர் அறை, சாப்பிட ஓர் அறை, பிங்பாங் ஆட ஓர் அறை, நடுவில் மேடை வைத்த பெரிய கூடம். வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கிற பையன்கள் சாயங்காலத்தில் தனியாகக் கிடந்து வாடக் கூடாதாம்! அதற்காக ஒரு கட்டடம். கல்லூரித் துரை இதை எனக்கு விளக்கிச் சொன்னபோது, சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். மூன்று வருஷமாக நான் வாடிக்கொண்டிருக்கிறேன், எனக்கு யார் கூடம் கட்டினார்கள்?

நான் அங்கே ஸ்டோர் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. சிமெண்டு, ஆணி, ஓடு, பெயிண்ட் எல்லாம் என் பொறுப்பு. சாவிக்கொத்து என் இடுப்பில். கட்டுமான இடத்திலேயே, தகரம் வேய்ந்த ஸ்டோரின் ஒரு மூலையில் சிமெண்டு மூட்டைகளை நகர்த்திவிட்டு ஒரு கயிற்றுக் கட்டில் போட்டிருந்தேன். ராத்திரி படுத்து எழுந்தால் மீசையெல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கும். சமையல் நானே. ரசம் வைத்தால் ரெண்டு வேளை, குழம்பு வைத்தால் ரெண்டு நாள். ஒருத்தனுக்குச் சமைப்பதைப் போல வெறுத்துப்போகிற வேலை உலகத்தில் வேறு கிடையாது.

பெண்டாட்டி ஊரில் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் ஏழாம் மாதம் மச்சானோடு கப்பல் ஏற்றிவிட்டேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அவள் வீடு. பெண் குழந்தை பிறந்தது. கடிதம் வந்தது. பிறகு பல் முளைத்ததற்கு ஒரு கடிதம், நடந்ததற்கு ஒன்று, பேச ஆரம்பித்ததற்கு ஒன்று. நான் பார்க்காத பிள்ளை, கடிதத்திலேயே வளர்ந்தது. அனுப்பி வையுங்கள் என்று நான் எழுதும்போதெல்லாம் மாமியாரிடமிருந்து ஒரே பதில்தான்: "தனிக் கதவு உள்ள வீடு பார்த்துவிட்டு எழுதச் சொல்." நியாயம்தான். அவள் போனதும் வாடகை வீட்டை விட்டுவிட்டு, நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குப் பின்னால் இன்னும் நாலு ஆண்களோடு ஓர் அறையில் இருந்தேன். அதற்கப்புறம் சிமெண்டு மூட்டைக்கு நடுவில். இதில் எங்கே தனிக் கதவு?

அப்படியிருக்கும்போதுதான் கல்லூரித் துரை ஒரு நாள் ஸ்டோருக்கு வந்து, கூடம் திறந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் வேண்டும், நீ இருக்கிறாயா என்று கேட்டார். கட்டடத்துக்குப் பின்னால், அதை ஒட்டினாற்போல, பார்த்துக்கொள்கிறவனுக்கென்று ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் பிளானில் இருந்தன. பெண்டாட்டி பிள்ளையோடு அதில் இருந்துகொள்ளலாம். "யெஸ் சார்" என்று ரெண்டு தடவை சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்த அறைப் பைத்தியம் பிடித்தது. மற்றவர்கள் பெரிய கூடத்தின் தூண்களை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் பின்பக்கம் போய் நிற்பேன். பிரிக்பீல்ட்ஸ் சூளையிலிருந்து செங்கல் லோரி வந்து இறங்கினால், நல்ல கல்லாகப் பொறுக்கிப் பின்பக்கம் அனுப்புவேன். அதெல்லாம் என் வேலையே இல்லை. இங்கே தொட்டி, இங்கே அவள் அம்மி, இங்கே பிள்ளைக்குத் தூளி என்று காலடி வைத்து அளப்பேன். தூளி கட்டுகிற வயதைப் பிள்ளை தாண்டிவிட்டது என்பதே எனக்கு உறைக்கவில்லை.

இதைப் பார்த்துச் சிரித்தவள் ஒருத்திதான். செங்கல் சுமக்கிற அக்கா. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் பங்சார் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனபின், பால்மரம் வெட்டப் பிடிக்காமல் கட்டட வேலைக்கு வந்தவள். பிள்ளை குட்டி கிடையாது. கூலி ஆட்களின் அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் தங்கியிருந்தாள். காலையிலும் மூன்று மணிக்கும், சுண்ணாம்புக் கொட்டகைக்குப் பக்கத்தில் மூன்று செங்கல்லை அடுப்பாக வைத்து, எல்லாருக்கும் தேத்தண்ணி காய்ச்சுவாள். எனக்கு மட்டும் ஸ்டோருக்கே கொண்டுவந்து வைப்பாள்.

"என்ன கிராணி ஐயா, தினம் அளந்தா ரூம்பு வளந்துடுமா?"

"வளராதுக்கா. சும்மா பாத்தேன்."

"சும்மாவா? அந்தச் செவத்த நீங்க தடவிக் குடுக்கறதப் பாத்தா, கட்டுன பொண்டாட்டிகூட பொறாமப்படுவா."

இந்த வாயாடித்தனத்துக்காகவே நான் மூன்று மணி எப்போது ஆகும் என்று காத்திருப்பேன். ஒரு நாளில் என்னிடம் வேலையைத் தவிர வேறு ஏதாவது பேசிய ஒரே ஆள் அவள்தான். ஊரிலிருந்து வரும் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். கேட்டு முடித்ததும், "புள்ள பேரு என்னான்னீங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். மறந்துபோய்க் கேட்கவில்லை. நான் அந்தப் பெயரைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

சித்திரை முடிகிற சமயத்தில் அந்தக் கடிதம் வந்தது. தனிக் கதவு உள்ள வீடு கிடைத்தாயிற்று என்றதும் மாமியார் இறங்கி வந்திருந்தார், ஆனால் பாதிதான். பால் காய்ச்சாத வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டாராம். ஆனியும் ஆடியும் புது வீட்டுக்கு ஆகாத மாதங்கள். வைகாசியில் கடைசி முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுகிறது, அன்று மாப்பிள்ளை பால் காய்ச்சிவிட்டு உடனே எழுதட்டும். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தால், ஆனி கடைசியில் கிள்ளானுக்குக் கப்பலேறுகிற ஒரு புருஷன் பெண்டாட்டி துணையோடு மகளையும் பேத்தியையும் அனுப்பிவைக்கலாம். அந்தத் துணையை விட்டால் வேறு துணை இல்லை. கடைசியில் என் பெண்டாட்டி கையெழுத்தில் ஒரு வரி: "இந்தத் தடவை எப்படியாவது."

அந்த முகூர்த்தம் நெருங்கியபோது அறை இருந்த நிலைமையைச் சொல்ல வேண்டும். ஓடு போட்டாயிற்று. கதவு வைத்தாயிற்று. ஜன்னலுக்குச் சட்டம் மட்டும் வந்திருந்தது, பலகை வரவில்லை. தரைக்கு வெள்ளிக்கிழமைதான் சிமெண்டு பூசினார்கள். ஒரு வாரம் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, ஈரச்சாக்கு போட்டு வையுங்கள் என்று கட்டடத் துரை சொல்லிவிட்டுப் போயிருந்தார். கட்டடத் துரை என்றால் இன்ஜினியர், கல்லூரித் துரை வேறு. கல்லூரித் துரை சிரிக்கிற மனிதர். இவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. கதவைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்திருந்தார்கள்.

ஸ்டோரிலேயே காய்ச்சியிருக்கலாம், அறைக்கு வெளியே புல்லில் காய்ச்சியிருக்கலாம். கும்பகோணத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் பொய்யாகப் பால் காய்ச்சினால் அவள் வர மாட்டாள் என்று மனசில் ஒரு பயம். கப்பலில் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். பால் அந்த வீட்டுத் தரையில்தான் பொங்க வேண்டும். ஒரு படி பால், நாலு செங்கல், சிராய் விறகு. அரை மணி நேரம். சிமெண்டுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். சிமெண்டுக்கு நடுவிலேயே படுத்துத் தூங்குகிறவன் நான், எனக்குத் தெரியாதா சிமெண்டைப் பற்றி? முட்டாள்.

ஞாயிறு காலையில் ஆட்களெல்லாம் சாமான் வாங்கப் பாசாருக்குப் போய்விட்டார்கள். குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, சாக்கை ஓரமாக விலக்கி, சமையல்கட்டில் செங்கல்லை அடுக்கினேன். பால் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டினேன். எல்லாம் செய்துவிட்டுச் சுற்றிப் பார்த்தால், பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இல்லை. எங்கள் கல்யாணத்தில் முந்நூறு பேர். இந்த வீட்டுக்கு நான் மட்டும். பால் பொங்கினால் யாரோடு குடிப்பது? முதல் பாலைத் தனியாகக் குடிக்கிற வழக்கம் எங்காவது உண்டா?

வெளியே வந்தேன். அக்கா மட்டும் கொட்டகை வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாங்க. பால் காய்ச்சப் போறேன்."

கையை உதறிக்கொண்டு எழுந்தவள், விஷயம் புரிந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ, என்னைய எதுக்குக் கூப்புடறீங்க? நான் தாலி அறுத்தவ. நல்ல காரியத்துல நான் நிக்கக் கூடாது. வேற யாரையாச்சும் கூப்புடுங்க."

"வேற யாருக்கா இருக்கா?"

"இருந்தாலும்..."

"மூணு வருஷமா தனியாவே தின்னு, தனியாவே குடிச்சாச்சுக்கா. இன்னிக்கும் தனியாவா? என்னால முடியாது. வாங்க."

என் குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாசற்படி தாண்டி உள்ளே வர மாட்டேன் என்று அங்கேயே நின்றுகொண்டு, "வெறகக் கொஞ்சம் வெளிய இழுங்க, பொகையுது" என்று சொல்லிக் கொடுத்தாள்.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது. "கெழக்கால! கெழக்கால!" என்று அவள் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். நானும் சிரித்தேன். பால் எந்தப் பக்கம் வழிகிறது என்பதிலேயே கண்ணாக இருந்ததால், அடுப்புக்குக் கீழே 'பட்' என்று ஏதோ சத்தம் வந்ததை விறகு வெடிக்கிறது என்று விட்டுவிட்டேன். என்னிடம் இருந்தவை எனாமல் பூசிய இரண்டு மங்குக் குவளைகள். ஒன்றில் அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன். அவள் வாசலுக்கு வெளியே, நான் உள்ளே, இரண்டு பேரும் நின்றபடியே குடித்தோம். பால் ரொம்ப இனிப்பு. சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தேன். பெண்டாட்டியைக் கப்பல் ஏற்றியபின் அன்றைக்கு ஒரு நாள் காலைதான் நான் யாருமில்லாதவன் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை.

அவள் போனபின் செங்கல்லை எடுத்தேன். முறத்தளவுக்குத் தரை கறுத்து, நடுவில் சிமெண்டு வெடித்துப் பெயர்ந்து கிடந்தது. தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் கொஞ்சம் பெயர்ந்தது. சாக்கை இழுத்து மூடிவிட்டுக் கதவைப் பூட்டினேன். அன்றைக்கே கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். பால் பொங்கியது, கிழக்கு, உடனே புறப்படவும்.

திங்கட்கிழமை கட்டடத் துரை காலாலேயே சாக்கைத் தள்ளிப் பார்த்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் சாரத்தின் மேலிருந்த சீனத் தச்சர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஓடி வந்தான். தமிழன்தான், கெட்டவன் இல்லை, ஆனால் துரை கத்தினால் புத்தி மழுங்கிவிடும். கறுப்பைப் பார்த்தான். அடுப்பு என்று தெரிந்தது. அந்த இடத்தில் அடுப்பு வைக்கிற ஆள் ஒருத்திதானே?

அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நான் கையில் சாவிக்கொத்தோடு கதவோரம் நின்றேன். அவள் தரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் வெக்கல" என்றாள்.

"வேற யாரு வச்சா? இங்க அடுப்பு மூட்டறது நீ ஒருத்திதான்" என்றான் மண்டோர்.

"ரூம்பு பூட்டித்தானே இருக்குது. கிராணி ஐயாவக் கேளுங்க, சாவி அவருகிட்ட."

இப்போது நினைத்துப் பார்த்தால், அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொல்லிக்கொள்ள வாசலைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். துரை திரும்பினார். மண்டோர் திரும்பினான். "கிராணி, நேத்து ரூம்பு பூட்டியிருந்துச்சா?"

என் கண்ணில் அந்த அறை நின்றது. அம்மி, தொட்டி, தூளி. கடல் தாண்டப் போகிற என் கடிதம் நின்றது. நான் என்று சொன்னால் வேலை போகும், அறை போகும், இனி ஒரு துணையும் வராது.

"பூட்டித்தான் இருந்துச்சு" என்றேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் பாழாய்ப்போன வாய் நிற்கவில்லை. "ஆனா ஜன்னலுக்குப் பலகை இன்னும் வெக்கல."

அவள் சிரித்துவிட்டாள். கோபச் சிரிப்புகூட இல்லை, நிஜமாகவே சிரித்தாள்.

"சரி. ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சேன்னு எழுதிக்குங்க. இந்த வயசுல!"

அன்று மத்தியானமே அவளை அனுப்பிவிட்டார்கள். நான் ஸ்டோருக்குள் ஆணிப் பெட்டிகளை இடம் மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அடுக்கியிருந்தவைதான். வாசலில் நிழல் தட்டியது. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். கையில் கழுவித் துடைத்த மங்குக் குவளை.

"உங்க வீட்டுக் கொவள. நேத்து கொட்டாய்க்கு எடுத்துட்டுப் போயிட்டேன்" என்று மேசையில் வைத்தாள்.

"அக்கா..." என்றேன்.

"கிள்ளானுக்கு அந்தாண்ட, மேருப் பக்கம் ஒரு தோட்டத்துல அண்ணன் மவ இருக்கா. அங்க போறேன். புள்ள பேரு என்னான்னீங்க?"

அந்தப் பெயர் வாயில் வரவில்லை. அவள் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

துரை கறுத்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுக்கச் சொல்லிப் புது சிமெண்டு பூசவைத்தார். காய்ந்ததும் அந்தச் சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஜன்னலுக்குப் பலகை வந்தது. மூன்று மணிக்கு இப்போது ஒரு சீனன் தேத்தண்ணி கொண்டுவந்தான். ஸ்டோர் வாசலிலேயே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போவான். பெரிய கூடத்துக்கு வர்ணம் அடித்தார்கள். பிங்பாங் மேசை வந்து இறங்கியது. மாணவர்கள் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அவர்கள் சிரிக்கிற சத்தம் ஸ்டோர் வரைக்கும் கேட்கும். கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ரசம் ஆறிப்போகும்.

ஆடி பிறந்து ரெண்டொரு நாளில் கப்பல் வந்துவிட்டது. அம்மை கிம்மை இருக்கிறதா என்று பார்க்க, வந்தவர்களை ஒரு வாரம் துறைமுகத்துப் பக்கம் முகாமில் அடைத்துவைப்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. லீவு கேட்டுக்கொண்டு, அவர்களை வெளியே விடுகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே கிள்ளானுக்கு ரயிலேறிவிட்டேன். அங்கே செய்வதற்கு ஒரு வேலை இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் தங்கினேன். கடைக்கு எதிரிலேயே மேரு போகிற பஸ் நிற்கும். சில மைல்தான். இரண்டு நாளும் அந்த பஸ் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறவில்லை. எந்தத் தோட்டம் என்று தெரியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

முகாம் வாசலுக்குப் பெண்டாட்டி வந்தாள். இளைத்திருந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. "அப்பா பாரு" என்றதும் பிள்ளை என் மீசையைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டது. பரவாயில்லை, பழகிவிடும் என்றாள் அவள். பழகிவிட்டது, உண்மைதான்.

அறையைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். சமையல்கட்டில் அந்த வெளுப்புச் சதுரத்தின் மேல் நின்றுகொண்டு கேட்டாள்.

"இங்கதானே பால் காய்ச்சினீங்க?"

"ஆமா."

"கூட யாரு இருந்தா? யாரோட சேந்து குடிச்சீங்க?"

சொல்லியிருக்கலாம். அவள் திட்டுகிறவள் இல்லை. விதவையைக் கூப்பிட்டதற்கு மாமியார்தான் கோபித்துக்கொண்டிருப்பார், அவர் கடலுக்கு அந்தப் பக்கம். ஆனால் அக்காவோடு குடித்ததைச் சொன்னால், ஜன்னலையும் சொல்ல வேண்டுமே.

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

அவள் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ பாவம். தனியாவேவா குடிச்சீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மங்குக் குவளைகள் இரண்டையும் தேடி எடுத்துக் கழுவினாள். அன்றே பால் வாங்கிக் காய்ச்சி, ஒன்றை என் கையில் கொடுத்து, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் அவள் இருந்த வரைக்கும், வீட்டில் பால் காய்ச்சிய நாளெல்லாம் அப்படித்தான். எவ்வளவு வேலை கிடந்தாலும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். "நீங்க ஒரு நாள் தனியாக் குடிச்சது போதும்" என்பாள். நான் தலையாட்டிவிட்டுக் குடிப்பேன்.